ஜன்னல் சரியாக மூடாது

பதூமியில் மூன்றாவது நாளாக மழை.
கருங்கடல் எது, வானம் எது, தெரியவில்லை.
துறைமுகத் தெருவில், மருந்துக்கடைக்கு மேலே,
இரண்டு அறை, ஒரு கெட்டில்:
இதுதான் எங்கள் நிறுவனம்.
கப்பலுக்கு ஆள் அனுப்புகிறோம்.

"ஊரில் பதினெட்டு ஏஜென்சி, மாக்கா.
நம் பேர் யார் வாயிலும் இல்லை.
ஃபேஸ்புக்கில் ஏதாவது செய்" என்றார் ஜெமால்.

செய்தேன்.
குலுக்கிக்கொள்ளும் இரண்டு கைகள், விலைக்கு வாங்கிய படம்.
அந்திச் சூரியனுக்குள் போகும் கப்பல்,
அதுவும் விலைக்கு.
'உங்கள் கனவு, எங்கள் கடமை' என்று அடியில் ஒரு வரி.
ஏழு லைக்.
நான்கு, அலுவலகத்தார்.
ஒன்று என் அண்ணி.
ஒன்று துருக்கியில் மூக்குக்கண்ணாடி விற்கும் யாரோ.
மிச்சம் நானே.

பிறகு ரீல்ஸ்.
கணக்கர் வர்லாம், அறுபத்திரண்டு வயது,
லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு ஆடினார்.
ஐயாயிரம் பேர் பார்த்தார்கள். சிரித்தார்கள்.
விண்ணப்பம் ஒன்றுகூட வரவில்லை.
ஆடிக் காட்டுகிறவனிடம்
யார் பிள்ளையை ஒப்படைப்பார்கள்?

ஒரு ராத்திரி, தூக்கம் வராமல்,
வந்த மெசேஜ்களை எல்லாம் எண்ணிப் பார்த்தேன்.
மாலுமிகள் சொற்பம்.
மனைவிகள். அம்மாக்கள். ஒரு மாமியார்கூட.
எல்லாம் எழுத்துப்பிழையோடு, நள்ளிரவுக்கு மேல்.
சம்பளம் எவ்வளவு என்று ஒருத்திதான் கேட்டிருந்தாள்.
மற்றவர்கள் கேட்டது:
எப்போது திரும்புவான்?
அங்கே சிக்னல் கிடைக்குமா?
ரொட்டி கப்பலிலேயே சுடுகிறார்களா, உறைந்ததா?

கடலில் இருக்கிறவன் எங்கே பார்க்கிறான்?
பார்க்கிறவள் கரையில் இருக்கிறாள்.
கடை ஒரு தெருவில் இருக்க
வேறு தெருவில் கூவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்போதே தட்டினேன், படம் இல்லாமல்:

'மூன்றாம் இன்ஜினியர் ஒருவர் தேவை.
கப்பலுக்கு வயது பத்தொன்பது.
ஒப்பந்தம் நான்கு மாதம்; ஐந்தும் ஆகலாம், போன முறை ஆனது.
சம்பளம் ஐந்தாம் தேதி. ஒரு தடவை பதினொன்றாம் தேதி வந்தது.
சமையல்காரர் நல்லவர். ரொட்டி உறைந்ததுதான்.
வைஃபை சாப்பாட்டு அறையில் மட்டும்.
இடப்பக்கக் கேபினில் ஜன்னல் சரியாக மூடாது.
எங்களுக்கு நீங்கள் ஒரு டெட்ரிகூடத் தர வேண்டாம்.'

காலையில் பிரேயஸிலிருந்து கப்பல் முதலாளி.
ஜெமால் ஃபோனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தார்.
வைத்ததும், "அழி" என்றார்.

அழிக்கத்தான் போனேன்.
அதற்குள் கீழே இருநூற்றுச் சொச்சம் பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.
'அந்த ஜன்னலா! என் வீட்டுக்காரர் துண்டைச் சொருகித் தூங்கினார்.'
'சம்பளம் வந்தது, நிஜம்.'
'பதினொன்று இல்லை, பன்னிரண்டாம் தேதி.'

திருத்தினேன்: பன்னிரண்டு.

ஜெமால் திரையைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
போய்க் கெட்டிலைப் போட்டார்.

அப்புறம் எழுதுவதெல்லாம் இந்த மாதிரிதான்.
முர்மானுக்குப் பதில் போகவேண்டியவருக்கு விசா வரவில்லை,
இன்னும் இருபத்திரண்டு நாள்.
முதலில் அவன் மனைவிக்கு, பிறகுதான் பக்கத்தில்.
சிவந்த கோப முகங்களாக வந்து விழும்.
விழட்டும்.

இது விளம்பரமா என்று கேட்டால் ஆமாம்.
பொய் சொல்லாததையும் விற்கலாம்
என்று தெரிந்துபோனதில்
எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு.

நேற்று, மழையோடு மழையாக,
ஹுலோ மலையிலிருந்து மினிபஸ் பிடித்து ஒரு பெண்மணி.
நஸிப்ரோலா என்று பெயர்.
குடையை மடக்காமலே கேட்டாள்:
"ஜன்னல் மூடாதுன்னு எழுதினது நீயா?"

நான்தான்.

மகனின் கடலோடிப் புத்தகத்தை மேசையில் வைத்தாள்.
மகன் வாசலில், ஈரச் செருப்போடு,
தரையைப் பார்த்து நின்றான்.
பையைத் துழாவி இன்னொன்றும் எடுத்தாள்.
அகலமான ஒட்டுநாடா, ஒரு சுருள்,
விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல்.

"இது போதுமா,
இன்னொண்ணு வாங்கட்டுமா?"